மற்ற கடைகளில் கிடைக்காது

அந்த நாற்காலி வேண்டாம், இதில் உட்காருங்கள். அதற்கு ஒரு கால் ஆடும். ஓம்ப்ரெத்தாவுக்கு மட்டும்தான் அதில் விழாமல் உட்காரத் தெரியும். காபி அடுப்பில் இருக்கிறது. அவள் இப்போதைக்கு வரமாட்டாள், கோழி ஆலையில் மதிய ஷிப்ட். நிதானமாகவே பேசலாம்.

சனிக்கிழமை செசெனாதிகோ கடற்கரையில் நடந்த வாசகர் சந்திப்பில் உங்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அதற்காகத்தான் ஃபோர்லி வரை வண்டி ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறீர்கள், இல்லையா? புத்தகத்தின் அட்டையில் என் பெயர்தான் இருக்கிறது, நீவெஸ் வல்போனேசி என்று. மேடையில் உட்கார்ந்திருந்ததும் நான்தான். ஒரு பெண்மணி எழுந்து, "அவ ஏங்க அந்த நாயைப் பாதிரியார் வீட்டுல விட்டுட்டுப் போறா?" என்று கேட்டார். நான் புத்தகத்தைப் புரட்டினேன். கதையில் என்ன நடக்கிறது என்று வரி வரியாகத் தெரியும். ஏன் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. கடைசி வரிசையிலிருந்து ஓம்ப்ரெத்தா வாயை அடக்க முடியாமல் கத்தினாள்: "பாதிரியாருக்குத் தனியாச் சாப்பிடப் பயங்க! நாய் இருந்தா பேச்சுத் துணைக்கு ஆச்சுல்ல?" கூட்டம் சிரித்தது. என் தம்பி மனைவி, கொஞ்சம் வாயாடி என்று நானும் சிரித்துச் சமாளித்தேன். நீங்கள் மட்டும் சிரிக்கவில்லை.

இவ்வளவு பெரிய வாசகர் குழுவை நடத்துகிறவர், உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. ஆமாம், அதை எழுதியது அவள். அதற்கு முன்னால் வந்ததையும் அவள்தான் எழுதினாள். ஏன் என்று கேட்கிறீர்கள். முதலிலிருந்து சொன்னால்தான் எனக்கு வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஓம்ப்ரெத்தா முதலில் என் தோழி. தம்பி லோரிஸ் அவளைக் கட்டிக்கொண்டதெல்லாம் பிற்பாடு. பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து, கணக்கு வகுப்பில் டீச்சர்களை ஒவ்வொருவராகக் கொலை செய்து கதை சொல்லுவாள். கேட்பது நான் ஒருத்திதான். வளர்ந்து கோழி ஆலைக்கு வேலைக்குப் போன பிறகும் ஞாயிற்றுக்கிழமை இந்தச் சமையலறைக்கு வந்து யாரையாவது கொன்றுவிட்டுத்தான் போவாள். "எழுதித் தொலையேண்டி" என்று சொன்னதே நான்தான். கடற்கரையில் குடை வாடகைக்கு விடும் ஒரு விதவை, கொலைகளைத் துப்பறிகிறாள். அதுதான் கதை. எழுதுவது அவள், மற்றதெல்லாம் நான்: பிழை பார்ப்பது, பக்கம் அமைப்பது, அட்டை, மின்னூலாக்கிக் கடையில் ஏற்றுவது. கடைக் கணக்கு அவள் பெயரில், கடவுச்சொல் என்னிடம். கடையிலிருந்து வரும் அஞ்சலும் எனக்குத்தான் வரும். நான் நோட்டரி அலுவலகத்தில் இருப்பவள். வருகிறவர்கள் எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று விரல் வைத்துக் காட்டுவதே என் பிழைப்பு. ஓம்ப்ரெத்தா எதையும் படித்துப் பார்க்காமல் என் விரல் இருக்கும் இடத்தில் போடுகிற ரகம்.

உங்களுக்குத் தெரியாததில்லை, எங்களைப் போலச் சொந்தமாக மின்னூல் போடுகிறவர்களுக்கு இரண்டே வழிதான். ஒன்று, பெரிய கடைக்கு மட்டும் என்று எழுதிக் கொடுப்பது. சந்தா கட்டியவர்கள் புத்தகத்தை இரவல் எடுப்பார்கள், படிக்கிற பக்கத்துக்குத் தக்கபடி நமக்குக் காசு வரும். ஆனால் அதே மின்னூல் வேறெந்தக் கடையிலும் தலைகாட்டக் கூடாது. மூன்று மாத ஒப்பந்தம், தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். வேண்டாம் என்றால் முன்கூட்டியே ஒவ்வொரு புத்தகத்துக்கும் போய் ஒரு டிக்கை எடுத்துவிட வேண்டும். இன்னொரு வழி, எல்லாக் கடைக்கும் நூலகங்களுக்கும் பரவலாகக் கொடுப்பது. அதில் மெதுவாகத்தான் பிடிக்கும், ஆனால் ஒருவரை நம்பி இருக்க வேண்டாம். நான் ஆரம்பத்திலேயே பெரிய கடை மட்டும் என்று முடிவு செய்தேன். ஒரே கடை, ஒரே கணக்கு, எல்லாம் என் கண் முன்னால். அது தப்பு என்று இன்றைக்கும் எவராலும் சொல்ல முடியாது. அவள் பெயரிலேயே பதினோரு புத்தகம் அப்படித்தான் வந்தது, பதினொன்றும் ஓடியது. நீங்களே ஒவ்வொன்றுக்கும் மாலை போடாத குறையாக எழுதியிருக்கிறீர்கள். ஆலையின் குளிர் அறையில் நின்று நின்று அவள் மணிக்கட்டு இரண்டும் போய்க்கொண்டிருந்தது. "இன்னும் ஒரு வருஷம்டி, அப்புறம் அந்தக் கோழிங்க மூஞ்சியில முழிக்க மாட்டேன்" என்பாள். அவளுக்கு இருந்த ஒரே ஆசை அதுதான்.

நானும் ஒரு நாவல் எழுதினேன். நீங்கள் படித்திருக்க மாட்டீர்கள். ரவென்னாவில் ஒரு நோட்டரியின் குடும்பம், மூன்று தலைமுறை. என் பெயரில் தனிக் கணக்குத் தொடங்கி, பெரிய கடையில் மட்டும் போட்டேன். அங்கே வரைபடம் ஒன்று உண்டு, இன்றைக்கு எத்தனை பக்கம் படிக்கப்பட்டது என்று காட்டும். ஓம்ப்ரெத்தாவின் வரைபடம் மலை மலையாக ஏறி இறங்கும். என்னுடையது தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது. ஒரு வாரக் கடைசியில் மட்டும் கொஞ்சம் எழுந்தது. யாரோ ஒருவர் இரவல் எடுத்து, நாற்பத்தோராம் பக்கத்தில் மூடி வைத்துவிட்டார். திங்கட்கிழமை ஓம்ப்ரெத்தா ஓடி வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "நீவெஸ்! ஒரே மூச்சுல முடிச்சேண்டி. கடைசி அத்தியாயத்துல அழுதுட்டேன். சந்தா போட்டதே உன் புத்தகத்தை எடுக்கத்தான்!" என்றாள். அந்தப் புத்தகத்தை அதற்கு முன்னும் யாரும் எடுக்கவில்லை, பின்னும் எடுக்கவில்லை. நான் கோபப்படவில்லை. அவளுக்கு ஒரு தட்டு தொர்தெல்லி வைத்துக் கொடுத்தேன், அவளும் ரசித்துச் சாப்பிட்டாள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நீங்கள் இதைத்தான் காரணம் என்று நினைத்துவிடக் கூடாது. மனசு சுருக்கென்றது, உண்மை. அவள் வரைபடத்தைத் திறக்கும்போதெல்லாம், இவ்வளவு பேர் இவளை ராத்திரியும் பகலும் படித்துக்கொண்டிருக்கிறார்களே, இவர்கள் யார், இவர்களுக்கு என்ன உரிமை என்று தோன்றும். கணக்கு வகுப்பில் இவர்கள் யாரும் இல்லையே. அது பொறாமை இல்லை. யாருக்கும் தோன்றக்கூடியதுதான்.

அப்போதுதான் சமுவேலா வந்தாள், பொலோன்யாக்காரி. எழுத்தாளர்களுக்கு எல்லாக் கடையிலும் புத்தகத்தை ஏற்றிக் கொடுப்பதைத் தொழிலாகச் செய்தவள். ஒரு சந்திப்பில் ஓம்ப்ரெத்தாவைப் பிடித்துக்கொண்டாள். வந்த முதல் நாளே இந்த மேசையில் உட்கார்ந்து, நான் சுட்ட பியாதீனாவைப் பிய்த்துத் தின்றுகொண்டே அவளைச் "செல்லம்" என்றாள். நாற்பது வருஷப் பழக்கத்தில் நான் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை.

"ஒரே கடையை நம்பிப் பொழைப்பு நடத்துறது ஆபத்து, செல்லம். நாளைக்கு அவன் மூஞ்சியத் திருப்பிக்கிட்டான்னா நீ நடுத்தெருவுலதான் நிக்கணும்" என்றாள் சமுவேலா.

நான் என் பக்க நியாயத்தைச் சொன்னேன். வருமானத்தில் பாதிக்கு மேல் படிக்கும் பக்கத்திலிருந்து வருகிறது, வெளியே போனால் அது அன்றைக்கே நின்றுவிடும், மற்ற கடைகளில் அவளை யாருக்கும் தெரியாது, மேலே வர ஒரு வருஷமாவது பிடிக்கும் என்றேன். நான் சொன்னது ஒவ்வொன்றும் உண்மை.

"அதெல்லாம் சரிதாண்டி. ஆனா சுவிட்சர்லாந்துலேருந்து ஒரு அம்மா எழுதியிருந்தாங்களே, அவங்க ஊரு நூலகத்துல என் புத்தகம் கிடைக்குமான்னு. பாவம், காசு கொடுத்து வாங்க முடியாதவங்க" என்றாள் ஓம்ப்ரெத்தா. அந்தக் கடிதத்தை அவளுக்குக் காட்டியது நான் செய்த பிசகு.

லோரிஸ் வாய் நிறையச் சீஸோடு சிரித்தான். "அக்கா, விட்டா இவளைப் பீரோவுல வச்சுப் பூட்டிட்டு, சாவிய இடுப்புல சொருகிக்குவ போல."

எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். பிறகு சமுவேலா என் கையைத் தட்டிக் கொடுத்தாள். "இனிமே ஏத்துறது இறக்குறதெல்லாம் நான் பாத்துக்கறேன். நீவெஸ் எத்தனை வருஷம் சும்மாவே உழைச்சிருக்காங்க, பாவம். கொஞ்சம் ஓய்வு எடுக்கட்டுமே."

நான் ஓம்ப்ரெத்தாவைப் பார்த்தேன். மாட்டேன் என்பாள் என்று நினைத்தேன். அவள் முகம் மலர்ந்து போயிற்று. "ஆமாடி! நீ உன் அடுத்த நாவலை எழுது. முதல் நாவல் எவ்ளோ நல்லா இருந்துச்சு!" என்றாள்.

அந்த வாரம் ஓம்ப்ரெத்தா ஆலையில் வேலையை விடுவதாகச் சொல்லிவிட்டாள். பழைய ஒப்பந்தங்கள் முடிய வேண்டும், முடிந்த மறுநாள் எல்லாக் கடையிலும் பதினோரு புத்தகமும் இறங்கும் என்று சமுவேலா நாள் குறித்தாள். கடவுச்சொல் அதுவரை என்னிடம்தான் இருந்தது, டிக்கை எடுக்கும் வேலையும் என்னுடையதுதான். நான் உட்கார்ந்து பத்துப் புத்தகத்துக்கு எடுத்தேன். முதல் புத்தகத்துக்கு எடுக்கவில்லை. அதில்தான் அவள் எனக்கு நன்றி சொல்லியிருந்தாள். அந்த டிக்கின் மேல் கை வைக்க மனசு வரவில்லை, அவ்வளவுதான். விட்டுவிட்டேன். நான் எதையும் செய்யவில்லை என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள். இருந்த ஒன்றை இருந்தபடி விட்டேன்.

இரண்டு நாள் கழித்து, பாத்திரம் துடைத்துக்கொண்டே அவள் கேட்டாள். "அந்த டிக்கெல்லாம் எடுத்தாச்சாடி? சமுவேலா கேக்கச் சொன்னா."

"அதைப் பத்தி நீ ஏன் கவலைப்படுற?" என்றேன்.

நான் அவளிடம் ஒருநாளும் பொய் சொன்னதில்லை.

குறித்த நாளில் புத்தகங்கள் எல்லாக் கடையிலும் இறங்கின. முதல் புத்தகமும் இறங்கியது. ஆனால் பெரிய கடையின் பதிவில் அது இன்னும் அவர்களுக்கு மட்டும் உரியது. இந்த மாதிரி விஷயத்தை அங்கே மனிதர்கள் தேட வேண்டியதில்லை, இயந்திரமே மோப்பம் பிடித்துவிடும். முதலில் ஓர் எச்சரிக்கை வந்தது, சில நாளில் சரிசெய்யுங்கள் என்று. பிறகு இன்னொன்று. அஞ்சல் என்னிடம் வரும் என்று சொன்னேனே, தலைப்பை மட்டும் பார்த்தேன். திறக்கவில்லை. திறக்காத அஞ்சலைப் படித்தேன் என்று எவரும் குற்றம் சொல்ல முடியாது. அடுத்த வாரம் அவள் கணக்கை மூடிவிட்டார்கள். ஒரு புத்தகத்துக்கு மட்டும் இல்லை, மொத்தக் கணக்கையும். வாசகர்கள் எழுதிய மதிப்புரைகள், உங்களுடையது உட்பட, எல்லாம் போயிற்று. அவள் பெயரில் மறுபடி கணக்குத் தொடங்கவும் வழியில்லை.

அவள் இந்தத் தரையில்தான் உட்கார்ந்தாள், அடுப்புக்கும் மேசைக்கும் நடுவில். அழவில்லை. "ஐயோ நீவெஸ், நான் என்னடி பண்ணித் தொலைச்சேன்? என் புத்தகமெல்லாம் எங்கடி போச்சு?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். லோரிஸ் சமுவேலாவைத் தொலைபேசியில் பிடித்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி ஏசினான். அவள்தான் தேதியைக் கோட்டை விட்டாள் என்று அவனாகவே முடிவு கட்டிக்கொண்டான். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சமுவேலாவைப் பற்றி உங்கள் குழுவில் எச்சரிக்கை போட்டது யார் என்று உங்களுக்கே தெரியும். அதன் பிறகு அவளிடம் யாரும் வேலை கொடுக்கவில்லையாம், இப்போது ஏதோ காப்பீட்டு அலுவலகத்தில் இருக்கிறாளாம். அந்தப் பதிவில் ஒரு வரியையும் நான் எழுதவில்லை. முகத்தை அப்படி வைத்துக்கொள்ள வேண்டாம், நீங்கள் நல்ல எண்ணத்தில்தான் எழுதினீர்கள்.

எங்களை விட்டுப் போகும்போது சமுவேலா ஒன்று சொன்னாள். "பெரிய கடை போனா போகட்டும், செல்லம். மத்த கடையெல்லாம் வித்துக்கிட்டுத்தானே இருக்கு? பல்லக் கடிச்சுக்கிட்டுக் கொஞ்சம் தாக்குப் பிடி, ஒரு வருஷத்துல எந்திரிச்சுரலாம்." அது சரியான யோசனை. இப்போது ஒத்துக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. அன்றைக்கே, மற்ற கடைகளில் நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. சுவிட்சர்லாந்து நூலகத்தில்கூட வாங்கி வைத்துவிட்டார்கள்.

அதனால் நான் ஓம்ப்ரெத்தாவிடம் மேல்முறையீடு என்று ஒன்று இருப்பதைச் சொன்னேன். பெரிய கடைக்கு விளக்கம் எழுதிக் கேட்கலாம், தெரியாமல் நடந்த தவறு என்றால் திறந்துவிடுவார்கள். நிறையப் பேருக்குத் திறந்திருக்கிறார்கள். "ஆனா அவங்க நம்மளைப் பாக்கும்போது புத்தகம் வெளியில எங்கயும் இருக்கக் கூடாதுல்ல? முடிவு தெரியற வரைக்கும் மத்த கடையிலேருந்து எல்லாத்தையும் எடுத்துரலாமே" என்றேன். இது என் யோசனைதான். நோட்டரி அலுவலகத்தில் இருபது வருஷம் இருந்தவள் சொன்னால் யார்தான் கேட்கமாட்டார்கள்? என் விரல் இருந்த இடத்தில் அவள் அழுத்தினாள், பதினோரு முறை. அந்த வாரக் கடைசிக்குள் எந்தக் கடையிலும் எந்த நூலகத்திலும் ஓம்ப்ரெத்தா ஸோலி என்று ஓர் எழுத்தாளர் இல்லை.

பிறகு அவள் ஆலைக்கே திரும்பப் போய் வேலை கேட்டாள். பழைய இடம் கிடைக்கவில்லை. வெட்டுகிற வரிசையில் நிறுத்தினார்கள். அது இன்னும் குளிர். குளிர்காலம் முடிவதற்குள் விரல்கள் விறைத்து, கத்தியைப் பிடிக்கிற அளவுக்குத்தான் மடங்கின. தட்டச்சு செய்ய முடியவில்லை, பேனா பிடிக்க முடியவில்லை. அவளால் கதை சொல்லாமலும் இருக்க முடியாது, அது உங்களுக்குத் தெரியாது. என் கணக்கு இருக்கிறது, என் பெயர் இருக்கிறது, நீ சொல்லு நான் அடிக்கிறேன் என்றேன். என் இரண்டு கையையும் பிடித்து முத்தம் கொடுத்தாள். "உனக்கு எப்படிடீ கைம்மாறு செய்வேன்?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாள். அந்த ஆடுகிற நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவாள். கொலைகாரன் கதவைத் திறக்கும்போது குரலைத் தாழ்த்துவாள், பள்ளிக்கூடத்தில் தாழ்த்திய அதே மாதிரி. நான் அடிப்பேன். புத்தகம் என் பெயரில் வருகிறது, பெரிய கடையில் மட்டும். என் வரைபடமும் இப்போது ஏறி இறங்குகிறது. ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், இப்போதெல்லாம் நான் அதை அதிகம் பார்ப்பதில்லை. காசை ஒழுங்காக லோரிஸ் கையில் கொடுத்துவிடுகிறேன், என் பங்கு போக. என்னைத் திருடி என்று நினைத்துக்கொண்டுதானே வந்தீர்கள்?

மேல்முறையீட்டுக்கு என்ன பதில் வந்தது என்று கேட்கிறீர்கள். எல்லோரையும் விட நீங்கள் கெட்டிக்காரர்தான், கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டீர்கள்.

நான் அதை அனுப்பவில்லை. எழுதி வைத்திருக்கிறேன், நன்றாகவே எழுதியிருக்கிறேன். டிக்கை எடுக்க மறந்தது உதவியாளரின் தவறு, எழுத்தாளருக்குத் தெரியாது என்று உள்ளதை உள்ளபடி. அதைப் படித்தால் அவர்கள் திறந்துவிடுவார்கள் என்று எனக்கு நிச்சயம் தெரியும். இப்போதும் காலம் கடந்துவிடவில்லை. அந்தக் கணினியைத் திறந்து ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், காபி ஆறுவதற்குள் முடிகிற வேலை. திறந்துவிட்டால் பதினோரு புத்தகமும் திரும்ப வரும், உங்கள் குழு கொண்டாடும், அவள் ஆலையை விடுவாள். விரல்கள் தேறிவிடும். பிறகு அவள் ஞாயிற்றுக்கிழமை எதற்காக இங்கே வரப்போகிறாள்?

அவளிடம் சொல்லப் போகிறீர்களா? சொல்லுங்கள், நான் தடுக்கப் போவதில்லை. ஆனால் நீங்கள் நேற்று அவளைப் பார்த்திருக்க வேண்டும். ஒரு அத்தியாயம் முடித்துவிட்டுக் கையை வெந்நீரில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "பெரிய கடைக்காரங்ககிட்டேருந்து ஏதாவது பதில் வந்துச்சாடி?" என்றாள். வாரா வாரம் கேட்பாள்.

"இன்னும் வரல" என்றேன்.

அப்போதுதான் அழுதாள். என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, குழந்தை மாதிரி. "உன்னை விட்டா என்னைப் படிக்கறதுக்கு இந்த உலகத்துல யாருடி இருக்கா?"

"யாரும் இல்லடி" என்று சொல்லி, என் கையாலேயே அவள் கண்ணைத் துடைத்துவிட்டேன். பொறாமைக்காரி செய்கிற காரியமா இது, நீங்களே சொல்லுங்கள்.